புகைக் கொட்டகைக்குள் என் குரலை நிறுவியது

போன வாரம் குளிருக்காகப் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து உதறினேன். பூண்டும் புகையும். துவைத்துத் துவைத்து நூல்தான் பிரிந்திருக்கிறது, அந்த வாசம் பிரியவில்லை. மூக்கில் ஏறி நெற்றிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு மார்கழியை என் முன்னால் கொட்டியது. மன்னவனூர், விதைப் பூண்டுக் கொட்டகை, ஒரு கம்ப்யூட்டர், அதன் எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த ஒருத்தி. ஒரு காலத்தில் என் மனைவி.

நான் கொடைக்கானலில் இருக்கிறேன். ஏரிக்கு மேலே, சுற்றுலாக் கார்கள் இருமிக்கொண்டே ஏறும் சந்தில் வாடகை அறை. நான் எழுதுவதைக் கவிதை என்று சிலரும் வசனம் என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டும் சோறு போடாததால் மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிறேன். இந்த ஊரை எனக்குப் பிடிக்காது. பனியைப் பிடிக்காது, பனியைப் படமெடுக்க வருகிறவர்களைப் பிடிக்காது, சுட்ட சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூச்சல் போடுகிறவர்களை அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே தள்ளிவிடலாம் என்று தோன்றும். ஆனாலும் இறங்கிப் போகவில்லை. எங்கே போனாலும் அங்கேயும் ஏதாவது பிடிக்காமல் போகும், அதற்கு இந்தக் குளிராவது பழகியிருக்கிறது.

மகள் சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.

“அப்பா, ஒரு வேலை இருக்கு. திட்டக் கூடாது.”

“அம்மா விஷயமா?”

“அம்மாக்குக் கண்ணு ரொம்ப மோசமாயிருச்சுப்பா. கண்ணுல பிரஷராம். ஓரமெல்லாம் போயிருச்சு, குழாய் வழியாப் பாக்குற மாதிரி நடுவுல கொஞ்சம்தான் தெரியுதாம். போனது திரும்பாதுன்னு மதுரையில டாக்டர் சொல்லிட்டாரு.”

கீழே யாரோ ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மன்னவனூரில் பூண்டு போடுகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதன் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது அவள். எவர் தோட்டத்து விதை எந்த ஊருக்குப் போகிறது, எதைப் புகையிலிருந்து எப்போது இறக்க வேண்டும், எல்லாம் அவள் கையில். சங்கத்துக்குத் தலைவர் அவளுடைய சித்தப்பா. அவருக்குத் தன் மருமகளை அந்த நாற்காலியில் உட்கார வைக்க ஆசை. கண் தெரியாதவள் கம்ப்யூட்டரில் எப்படி வேலை பார்ப்பாள் என்று ஊருக்குள் சொல்லத் தொடங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை கூட்டம். அங்கே எல்லார் முன்னாலும் வேலை செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

“கம்ப்யூட்டர் பேசுச்சுன்னா அம்மா சமாளிச்சுக்குவாப்பா. திரையில இருக்கறத வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் இருக்கு. ஆனா அங்க நெட்டு நிக்காது. நெட்டு இல்லாம தமிழ ஒழுங்காப் பேசுற குரலு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான்.”

“அது வேண்டாம்.”

“அது யாரோடதுன்னு அம்மாவுக்குத் தெரியும். போட்டுக் குடுக்கச் சொல்லுன்னு அவதான் சொன்னா.”

அந்தக் குரல் என்னுடையது. பல வருடங்களுக்கு முன்னால் நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுத்தைப் பேச்சாக்கும் லைப்ரரி ஒன்றை எழுதினார்கள். லைப்ரரி என்றால் புத்தக அலமாரி இல்லை. மற்ற மென்பொருள்கள் இரவல் வாங்கிக்கொள்ளும் நிரல்களின் மூட்டை. அதற்கு ஒரு மனிதக் குரல் தேவைப்பட்டபோது, நிறுத்தி நிதானமாக வாசிப்பவன் என்று என்னைப் பிடித்தார்கள். மூட்டையை உலகத்துக்கு இலவசமாகத் திறந்து வைத்தோம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம், யாருக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் கடமை கிடையாது. தட்டினால் தானாக நிறுவிக்கொள்ளும் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது மூலநிரலை எடுத்து அந்தந்த வகைக் கணினிக்குத் தனித்தனியாகக் கம்பைல் செய்தாக வேண்டும், மனிதன் எழுதியதை அந்த இயந்திரம் விழுங்கும்படி அரைத்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் என் லினக்ஸ் மடிக்கணினியில் அரைத்துப் பார்த்தேன். இன்ன தலைப்புக் கோப்பைக் காணோம் என்றது. கொடுத்தேன். இன்னொன்றைக் காணோம் என்றது. கொடுக்கக் கொடுக்கக் கேட்கிற கல்யாண வீட்டுச் சமையற்காரனைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, கடைசியில் மத்தியானம் போல முனகாமல் முடித்தது. பேசச் சொன்னேன். பேசியது. பதினைந்து வயது இளைய நான், அறைக்குள் நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு மூச்சு விட்டு, என்னையே அழைப்பது போல. உடனே மூடினேன்.

மறுநாள் பூம்பாறை வழியாகப் போகும் பஸ். காரட் மூட்டைக்கும் யாரோ ஒருவருடைய தோளுக்கும் நடுவில் நசுங்கி, வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிக்கொண்டு போனேன். மேலே போகப் போக மரங்கள் தீர்ந்து புல்வெளி திறக்கும். அழகு என்பார்கள். கூரை பிடுங்கிய வீட்டுக்குள் நுழைவது மாதிரி இருக்கும் எனக்கு.

அவள் கதவைத் திறந்தாள். முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, என்னைத் தேடி, கண்டுபிடித்து, நிறுத்தினாள்.

“வாங்க சார்.”

கல்யாணமாகி ஒரு நாள்கூட அவள் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. ஏங்க என்பாள். கோபம் என்றால் அதுவும் இருக்காது, சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

“எப்படி இருக்கே?” என்றேன்.

“நீ, வா, போ எல்லாம் வேணாம். ரிப்பேருக்கு வந்தவங்க யாரும் இங்க அப்படிப் பேசறதில்ல. ராத்திரி தங்க எடமில்ல, கடைசி பஸ்ஸுக்குக் கெளம்பிருங்க. கம்ப்யூட்டரு அந்தா கெடக்கு.”

வீட்டில் இருந்தது மகள் விட்டுப்போன பழைய மேக். அதற்கானதை மகளே சென்னையில் கட்டி அனுப்பியிருந்தாள். பென் டிரைவில் கொண்டுவந்ததைப் போட்டேன். திரையில் ஓர் எச்சரிக்கை எழுந்தது.

“என்ன சொல்லுது?” என்றாள்.

“இதைச் செஞ்சது யாருன்னு உறுதியாத் தெரியல, குப்பையில போட்ரட்டுமான்னு கேக்குது.”

“சரியாத்தான கேக்குது? போடச் சொல்லுங்க.”

அமைப்புகளுக்குள் போய், இந்த ஆள் எனக்குத் தெரிந்த ஆள்தான் என்று அந்த இயந்திரத்திடம் சாட்சி சொல்லி, கடவுச்சொல் கொடுத்து, திரை வாசிப்பானோடு இணைத்துவிட்டுத் தொடங்கினேன்.

என் குரல் அந்த வீட்டுக்குள் பேசியது. அதே வீடு. அந்தச் சுவர்களுக்கு நடுவில்தான் அதைப் பதிவு செய்தேன், கம்பளிகளை ஜன்னலில் அடித்து, கட்டிலை நிமிர்த்தி வைத்து, நடுவில் மைக்கை நட்டு. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும் முந்தானையைச் சுருட்டியது.

“வேற குரலே இல்லையா இதுல?”

“இல்ல.”

“பொம்பளக் குரலு?”

“யாரும் குடுக்கல.”

“யாரு குடுப்பா? ஒரு மழக்காலம் முழுக்க இந்த வீட்டுல நான் பாத்திரம் தேச்சேனா? பகல்ல அம்மியத் தொட்டேனா? புள்ள இருமுனா வாயப் பொத்திக்கிட்டுத் தோட்டத்துக்கு ஓடுனேன், சாருக்கு ரெக்கார்டிங்கு கெட்டுப்போகும்னு. பேசுனது நீங்க, பேசாம இருந்தது நான். அதுல வேல பாத்தவங்கன்னு பேரெல்லாம் போட்டீங்களாமே, எம் பேரு இருக்கா?”

“பாத்திரம் தேய்க்காம இருந்ததுக்கெல்லாம் யாரும் பேரு போட மாட்டாங்க.”

“மாட்டாங்கல்ல” என்றாள். “டீ இல்ல. கடையில குடிச்சுக்கங்க.”

வெளியே வந்து நின்றேன். உருளைக்கிழங்கு வயல்களில் காலைப் பனி கருக்கிய இலைகள் கரிக்கோடுகளாகக் கிடந்தன. நாங்கள் பிரிந்ததற்குக் காரணம் என்னவென்று யாராவது கேட்டால் அவளிடம் ஒன்று இருக்கிறது, என்னிடம் ஒன்று இருக்கிறது, இரண்டும் ஒரே வீட்டில் நடந்ததாகவே தெரியாது. மகள் இரண்டையும் கேட்டுவிட்டு இரண்டையும் நம்பாமல் சென்னைக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் சங்கத்தின் கம்ப்யூட்டர். அது விண்டோஸ், என்னிடமோ மகளிடமோ அந்த வகை இல்லை, அங்கேயே வைத்துத்தான் அரைக்க வேண்டும். கம்பைலரை இறக்கவே அங்கே சிக்னல் போதாது என்று கொடைக்கானலிலேயே இறக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சங்கத்துக்குத் தனிக் கட்டடம் இல்லை. விதைப் பூண்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் மேசை. மேலே மூங்கில் கழிகளில் பூண்டுக் கட்டுகள் தண்டோடு தலைகீழாகத் தொங்கும். கீழே, நடுவில், வாட்டில் மரத்து விறகு கனன்றுகொண்டேயிருக்கும். புகை ஏறி ஏறி, பூண்டு அடுத்த நடவு வரை அழுகாமல், பூச்சி விழாமல் நிற்கும். இந்த மேல்மலையில் விதைப் பூண்டைக் காப்பாற்றும் வழி அதுதான். உள்ளே நுழைந்த கணமே என் கண்ணில் நீர் வந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், எந்தப் புகையும் எதுவும் செய்ய முடியாதவளைப் போல.

கம்பைல் ஓடத் தொடங்கியது. எழுத்துகள் மேலேறின. பாதி வழி போயிருக்கும், திரை கறுத்தது. மின்விசிறிச் சத்தமும் நின்றது.

“கரண்ட்டு போயிருச்சு” என்றேன்.

“பல்பு எரியுதே. அது எனக்கே தெரியுது.”

மறுபடி போட்டேன். ஏறக்குறைய அதே இடம், குரல் கோப்புகளைக் கோக்கத் தொடங்கும் இடம், மறுபடி செத்தது. நிரலைச் சந்தேகித்தேன். நினைவகம் போதவில்லையோ என்று பார்த்தேன். குரலைத் துண்டு துண்டாக்கினேன். துண்டாக்கியதிலும் செத்தது. இதை எழுதிய நண்பர்களைத் திட்டினேன், பராமரிக்காமல் ஓடிப்போனவரைத் திட்டினேன், இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் திட்டினேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி முதலில் வாலைக் குழைத்துவிட்டு நடுவழியில் கடித்தது.

“என்னமோ பெரிய ஆளுன்னு புள்ள சொல்லுச்சு” என்றாள் அவள், யாரிடமோ சொல்வதைப் போல.

“வாய மூடிட்டு இருக்கியா கொஞ்சம்?”

“அதுதான் பழகுனதாச்சே.”

அப்போதுதான் சித்தப்பா உள்ளே வந்தார். தலையில் குல்லாய், கழுத்தில் மப்ளர். குனிந்து நெருப்பில் கையைக் காட்டினார். என்னைப் பார்த்து நன்றாகவே சிரித்தார்.

“என்ன பழைய மாப்ள, பொட்டி படுத்துருச்சா?”

“ஏதோ கோளாறு மாமா.”

“பொட்டியில கோளாறு இருக்காது. எங்க வச்சிருக்கேன் பாத்தீங்கல்ல? மத்த ரூம்புல வச்சோம்னா இந்த ஈரத்துக்கு மழைக்குள்ள பூஞ்சக்காளான் புடிச்சுரும். பள்ளிக்கூடத்துல வச்சது பூராம் அப்படித்தான் போச்சு. நான்தான் கூட்டத்துல சொன்னேன், ஏலே, வெதப் பூண்டே இங்கன வருசம் பூராக் கெடாமக் கெடக்கு, இது கெடுமான்னு. இதுவும் பொகையில காயட்டும்னு நெருப்போரமாப் போட வச்சேன். ஒண்ணும் ஆகல பாருங்க.”

அவர் பெட்டியின் தலையைத் தட்டினார், நன்றாகப் பால் கறக்கும் மாட்டைத் தட்டுவது போல. தட்டியவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“சுடுதே.”

நான் எழுந்துபோய்த் தொட்டேன். சுட்டது. தோசைக்கல் சுட்டது மாதிரி. அவர் போகும்வரை காத்திருந்தேன். போகும்போது அவளிடம் சொன்னார்:

“தாயி, மனசுல வச்சுக்காத. ஒனக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். வெள்ளிக்கிழம சாவியக் குடுத்துட்டு வீட்டுல செவனேன்னு இரு.”

“செவனேன்னு இருக்க நான் என்ன படுத்த படுக்கையாவா கெடக்கேன் சித்தப்பா?”

அவர் போனதும் திருகாணிகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தேன். உள்ளே கம்ப்யூட்டர் தெரியவில்லை. கறுப்புக் கம்பளி ஒன்று தெரிந்தது. புகையின் பிசின், கரி, பூண்டுத் தோல், எல்லாம் சேர்ந்து அரைத்த மாவாய் இறுகி, மூளைக்கு மேல் உட்கார்ந்திருந்த விசிறியைப் பிடித்துக்கொண்டிருந்தன. கடிதம் அடிப்பதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் அந்தப் பெட்டிக்கு அவ்வளவாகச் சூடேறாது. கம்பைல் செய்யும்போது முழு பலத்தையும் கேட்கிறோம், மூச்சு முட்டித் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. நான் திட்டிய நண்பர்கள் எவரும் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை.

ஒரு விள்ளலைப் பிய்த்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அமுக்கினாள். மூக்குக்குக் கொண்டுபோனாள்.

“எங்கேருந்து எடுத்தீங்க?”

“பொட்டிக்குள்ளேருந்து.”

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

“எஞ் சோலியப் புடுங்குறதுக்கு எங்க சித்தப்பாவுக்கு மருமகளே வேணாம்போல. அடுப்பு போதும்.”

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சுத்தம் செய்தோம். பெயின்ட் பிரஷ்ஷால் நான் தட்டினேன். விசிறிக்குக் கீழிருந்த தகடுகளுக்கு இடையில் என் விரல் போகவில்லை, பிரஷ்ஷும் போகவில்லை. அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வோர் இடுக்கிலும் விட்டு இழுத்தாள். முடி சரிந்து தோளில் விழுந்தது. நரை ஏறியிருந்தது. பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியாது என்ற நினைப்பில் பார்த்தேன்.

“பாத்தது போதும், அந்தத் தகட்டப் புடிங்க” என்றாள்.

எவ்வளவு சுரண்டியும் முழுதாகப் போகவில்லை. அதனால் வேறு வழி. ஒரே நேரத்தில் பலவற்றை அரைக்காதே, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடு என்று கம்பைலருக்குச் சொன்னேன். பெட்டியை நெருப்பிலிருந்து நகர்த்தி ஜன்னலடியில் திறந்த வயிற்றோடு வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். அந்தப் பனி, நான் வருடக்கணக்காக வெறுத்த அதே பனி, வெள்ளையாக உள்ளே புகுந்து அதன் குடலுக்குள் இறங்கியது.

அன்று, வியாழக்கிழமை, மத்தியானம் முழுவதும் அப்படித்தான் போனது. கொட்டகைக்குள் ஒரு பக்கம் புகை, ஒரு பக்கம் பனி, நடுவில் வரி வரியாக நகரும் எழுத்துகள். அவள் சால்வையை இறுக்கிக்கொண்டு பற்கள் தட்ட உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை.

“இன்னும் எம்புட்டு நேரம்?”

“தெரியல.”

“உங்களுக்கு எதுதான் தெரியும்?”

“ஜன்னல மூடிரட்டுமா? குளிருக்கு நடுங்குற.”

“நான் நடுங்குனா மிஷினு ஓடும்ல? ஓடட்டும்.”

குரல் கோக்கும் இடம் வந்தது. என் விரல்கள் அந்தத் தகட்டின் மேலேயே இருந்தன. சூடேறியது, ஏறி ஒரு இடத்தில் நின்றது. தாண்டியது. முடிந்தது என்று ஒற்றை வரி வந்தபோது வெளியே கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவசரம் அவசரமாகத் திரை வாசிப்பானில் இணைத்தேன். ‘சங்கம்’ என்ற கோப்பின் பெயரை என் குரல் சொன்னது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே வந்துவிட்டேன். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கொட்டகை நிறைய ஆட்கள், சால்வைகளும் குல்லாய்களும், வெற்றிலை. சித்தப்பாவின் மருமகள் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. இவள் தன் மேசை முன் உட்கார்ந்து பெட்டியை முடுக்கினாள். என் குரல் கொட்டகைக்குள் எழுந்தது.

“வணக்கம். முகப்பு. கோப்புகள்.”

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு சொற்பொழிவாளரின் இடைவெளி. முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

“ஏத்தா, ஒம் புருசன் பொட்டிக்குள்ள உக்காந்துருக்காரு!”

“வெளிய இருந்ததுக்கு இது தேவல மாமா” என்றாள் அவள் திரும்பாமல். சிரிப்பு இன்னும் பெரிதானது. நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

“சிரிப்பு இருக்கட்டும். பூம்பாறைக்காரங்க போன நடவுக்கு நம்மகிட்ட எடுத்துட்டுப் போன வெதயில ஒரு கட்டு மொளைக்கலன்னு புகார் சொல்லிருக்காங்க. அது எவன் தோட்டத்து வெதன்னு சொல்லு தாயி. நெதானமாவே சொல்லு.”

அவள் தேடினாள். என் குரல் ஒவ்வொரு வரியாக வாசித்தது. ஊர், தோட்டம், ரகம், மாதம். ஒவ்வொன்றையும் ருசித்து, நிறுத்தி, அடுத்ததற்கு மூச்செடுத்து. நான் அதைக் கற்றுக்கொண்டது மேடைகளில். அந்த மேடைகளில் என்னை யாரும் அவசரப்படுத்தியதில்லை. இங்கே வெற்றிலைப் பெட்டிகள் திறந்து மூடின, ஒருவர் கொட்டாவி விட்டார், பின்னால் இருந்து ஒரு குரல், “இது படிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த நடவே வந்துரும்ப்பா.” சித்தப்பா தன் மருமகளைப் பார்த்தார். ‘வா’ என்று கண்ணால் கூப்பிட்டார். அந்தப் பெண் ஓர் அடி வைத்தது.

அவளுடைய வேலையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது நெருப்போ புகையோ இல்லை, என் வாய்.

அவள் விரல்கள் விசைப்பலகையில் எதையோ தட்டின. என் குரல் வேகமானது. மறுபடி தட்டினாள். இன்னும் வேகம். இடைவெளிகள் செத்தன, மூச்சுகள் செத்தன, சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஓடின. மறுபடி தட்டினாள். அப்புறம் அது மனிதக் குரலே இல்லை. ஒரு சீறல், கொதி எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போல ஒரு பொரியல். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. என் குரல் வாசித்தது எனக்கே புரியவில்லை.

“என்னம்மா இது, வண்டு கத்துது?” என்றார் சித்தப்பா.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழ் அம்புக்குறியை அழுத்திப் பிடித்திருந்தாள். இரண்டு நாள் சாயங்காலங்களில், நான் பஸ்ஸில் போன பிறகு, வீட்டு மேக்கில் அவள் செய்துகொண்டிருந்தது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. திடீரென்று விரலை எடுத்தாள்.

“ஒங்க தோட்டத்துதான் சித்தப்பா.”

எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

“மேக்காட்டு வெத. புரட்டாசியில இறக்குனது. காயறதுக்கு முன்னாடி இறக்க வேணாம்னு நான் சொன்னதும் எழுதிருக்கு, படிக்கச் சொல்லட்டா? நெதானமாவே படிக்கச் சொல்றேன், எல்லாருக்கும் புரியுற மாதிரி.”

“வேணாம் வேணாம்” என்றார் அவர், மப்ளரைச் சரிசெய்துகொண்டு. “சரிம்மா. இந்த வருசம் நீயே பாரு.”

அந்த மருமகள் எடுத்து வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முகத்தில் எனக்கு ஏமாற்றம் எதுவும் தெரியவில்லை. கலைந்து போகும்போது இரண்டு மூன்று பேர் என் தோளைத் தட்டினார்கள், ‘நல்லாப் பேசுறீங்க மாப்ள’ என்று. கிண்டல்தான்.

எல்லாரும் போன பிறகு அவள் நெருப்பில் விறகை ஒதுக்கிவிட்டு, பெட்டியை ஜன்னலோரமாகத் தள்ளி, பழைய சேலை ஒன்றால் போர்த்தினாள். இனிமேல் அது அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டாள் போலிருந்தது. சாவியைச் சுழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். என்னை வழியனுப்ப இல்லை, அவள் வீடு அந்த வழியில்தான்.

“எம்புட்டு வேகத்துல வச்சிருக்க?” என்று கேட்டேன்.

“ஒங்க குரலுன்னு தெரியாம போற வரைக்கும்.”

பஸ் திரும்பி நின்றது. ஏறுகிறவர்கள் முட்டினார்கள். நான் படியில் ஒரு காலை வைத்தேன்.

“விண்டோஸு புதுசா மாத்துனா இது ஓடாமப் போகலாம். மறுபடி கம்பைல் பண்ணணும். அப்ப என்ன பண்ணுவ?”

அவள் முகத்தைத் திருப்பினாள், குழாயை நகர்த்துவது போல, என்னைக் கொஞ்ச நேரம் தேடினாள், தேடுவதைப் பாதியிலேயே விட்டுவிட்டாள்.

“புள்ளகிட்டச் சொல்றேன், அவ ஒங்ககிட்டச் சொல்லுவா. வெரசா வந்து செஞ்சு குடுத்துட்டுப் போங்க. எனக்கு நேராப் போன் மட்டும் போடாதீங்க.”